திரைப்பட ரசிகர் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தபடி, இந்த ஆண்டின் மாதாந்திரத் திரையிடல்களை அமெரிக்க இசைநாடகங்களுக்கும் இசைப்படங்களுக்கும் ஒதுக்கினோம். படம் தொடங்குமுன் அதன் தலைப்பு எப்படி அமைந்தது என்று உறுப்பினர் ஒருவர் பேசுவது ஏற்பாடு. போகப் போக, அந்தப் பேச்சுக்காகவே பலர் நேரத்தோடு வரத் தொடங்கினார்கள்.

அதிகம் பேசப்பட்டது 'ஓக்லஹோமா!'. லின் ரிக்ஸின் நாடகம் ஒன்றை இசையமைப்பாளர் ரோட்ஜர்ஸும் பாடலாசிரியர் ஹாமர்ஸ்டைனும் இசைநாடகமாக்கினார்கள். 1943இல் நியூ ஹேவனில் வெள்ளோட்டம் பார்த்தபோது அதற்குப் பெயர் 'அவே வி கோ!' ('இதோ கிளம்பிவிட்டோம்!'). எந்த நாடகத்துக்கும் ஒட்டவைக்கக்கூடிய பெயர். பிறகு 'ஓக்லஹோமா' பாட்டைக் குழு முழுவதும் சேர்ந்து பாடும்படி மாற்றினார்கள். அது அரங்கையே தூக்கி நிறுத்தியது. பாட்டின் பெயரே நாடகத்துக்கும் ஆனது. மார்ச் 31 அன்று நியூயார்க்கின் நாடக அரங்குகள் நிறைந்த பிராட்வேக்கு வந்த நாடகம் 2,212 காட்சிகள் ஓடியது. மாநிலமாகப் போகும் ஒரு மண்ணில் விவசாயிகளும் மாடு மேய்ப்பவர்களும் ஒத்துப்போகப் பழகும் கதைக்கு அந்த மண்ணின் பெயரைவிடப் பொருத்தமானது எது? 1953இல் ஓக்லஹோமா அந்தப் பாட்டையே தன் மாநிலப் பாடலாக ஏற்றுக்கொண்டது.

'வெஸ்ட் சைட் ஸ்டோரி' முதலில் 'ஈஸ்ட் சைட் ஸ்டோரி'யாகத்தான் இருந்தது. 1949இல் நடன இயக்குநர் ஜெரோம் ராபின்ஸ் யோசித்தது நியூயார்க்கின் கிழக்குப் பகுதியில் யூதர்களுக்கும் கத்தோலிக்கர்களுக்கும் இடையிலான பகை. அது அப்படியே கிடந்து, சில ஆண்டுகள் கழித்துப் போர்ட்டோ ரிக்கோ இளைஞர்களின் கதையாகி, மேற்குப் பகுதிக்கு நகர்ந்து, 1957இல் மேடையேறியது. தலைப்பில் ஒரு சொல்தான் மாறியது. கதைமாந்தரோ வேறு ஆட்கள் ஆகிவிட்டார்கள். இந்த ஆண்டு பார்த்தவற்றில் என் மனத்தை அதிகம் தொட்டதும் இதுதான்.

'சிங்கிங் இன் த ரெயின்' நேர் எதிர். 1929லேயே திரையில் ஒலித்த பாட்டு அது. எழுதியவர் ஆர்தர் ஃப்ரீட். பின்னாளில் தயாரிப்பாளரான அவர் தன் பழைய பாட்டுகளைக் கொடுத்து, அவற்றுக்கேற்ற கதையை எழுதச் சொன்னார். அப்படிப் பிறந்தது 1952ஆம் ஆண்டுப் படம்.

'மை ஃபேர் லேடி' என்று தொடங்கும் பாட்டே அந்த நாடகத்தில் இல்லை என்பது பலருக்கு ஆச்சரியம். 'ஃபிட்லர் ஆன் த ரூஃப்' (கூரைமேல் வயலின்காரர்) என்ற பெயர் மார்க் ஷகாலின் ஓவியங்களிலிருந்து வந்தது என்று கேட்டதும், அப்புறம் படத்தைவிட ஓவியங்களைப் பற்றியே பேச்சு நீண்டது. நல்ல மாலை அது.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். அரங்கம் தந்தவர்களுக்கும், பாட்டுகளின் பொருளைத் தமிழில் அச்சிட்டு விநியோகித்த இளைஞர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் நம் பக்கம் திரும்பலாம் என்பது செயற்குழுவின் பரிந்துரை: 'பவளக்கொடி', 'வள்ளி திருமணம்' போல மேடையிலிருந்து திரைக்கு வந்தவை. வீட்டில் பழைய பாட்டுப் புத்தகங்கள் வைத்திருப்பவர்கள் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தால், படியெடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தருவோம்.