பட்டப்பகல் பயத்துக்குப் பத்தாவது இடமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல 1970கள்ல வந்த சிறந்த பத்து திகில் படங்கள்னு ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. ரெண்டு தடவை படிச்சேன், மூணாவது தடவை பேனாவ எடுத்து பக்கத்து ஓரத்துல எழுத ஆரம்பிச்சேன், ஓரம் பத்தல, அதான் இந்த லெட்டர்.

முதல்ல ஒரு திருத்தம். 'தி ஷைனிங்' படத்த அஞ்சாவது இடத்துல வச்சிருக்கீங்க, அது 1980 மே மாசம் ரிலீஸ் ஆன படம். 1971ல ஆரம்பிச்சு 1980ல முடியறதுதான் பத்தாண்டுனு கணக்கு சொல்றவங்களும் உண்டு, ஆனா உங்க தலைப்புலயே 1970 முதல் 1979 வரைன்னு போட்டிருக்கே. அத எடுத்தா ஒரு இடம் காலியாகுது, அந்த இடத்துக்கு யார் வரணும்னு பின்னாடி சொல்றேன்.

இப்ப நிஜமான பிரச்சனைக்கு வர்றேன். வேன்ல ஊர் சுத்த வந்த பசங்கள ஒரு கசாப்புக் குடும்பம் ஒவ்வொருத்தரா கொல்ற கதை 'தி டெக்சாஸ் செயின் சா மாசக்கர்', அந்தப் படத்துக்கு பத்தாவது இடம் குடுத்து, "உண்மைச் சம்பவம், ரத்தம் ஆறா ஓடும் படம்"னு ஒரே வரியில முடிச்சிட்டார் கட்டுரை எழுதினவர். அந்த ஒரு வரியில ரெண்டு தப்பு. டெக்சாஸ்ல அப்படி ஒரு குடும்பமும் இல்ல, அப்படி ஒரு கொலை வெறியாட்டமும் நடக்கல. 1957ல விஸ்கான்சின் மாநிலத்துல எட் கீன்னு ஒருத்தன் பிடிபட்டான், மனுஷத் தோல்ல முகமூடி செஞ்சு வச்சிருந்தவன், எலும்புல சாமான் செஞ்சு வீட்டுல வச்சிருந்தவன். அந்த முகமூடியும் அந்த வீடும் மட்டும்தான் படத்துக்கு வந்துச்சு, மரம் அறுக்கற மெஷினுக்கும் அவனுக்கும் சம்பந்தமே கிடையாது. படம் ஆரம்பிக்கும்போது 1973 ஆகஸ்ட் 18னு தேதி போட்டு நடந்த கதை மாதிரி ஒரு குரல் பேசும், அதே 1973 கோடையிலதான் ஷூட்டிங்கே நடந்துச்சு. அரசாங்கமும் டிவி நியூஸும் மக்கள்கிட்ட உண்மைய மறைச்சிட்டிருந்த காலம், அதுக்குப் பதிலாத்தான் நானும் உண்மைக்கதைன்னு போட்டேன்னு டைரக்டர் டோபி ஹூப்பரே பின்னாடி சொல்லியிருக்கார்.

ரத்தம் விஷயம் இன்னும் பெரிய தப்பு. படத்துல ரத்தம் ரொம்பக் கம்மி. சின்னப் பசங்களும் பெரியவங்களோட வந்து பாக்கற மாதிரி சர்டிபிகேட் கிடைக்கணும்னு ஹூப்பர் வேணும்னே குறைச்சு எடுத்தார் (கிடைக்கல, அது வேற கதை). கறி மாட்டற கொக்கியில ஒரு பொண்ண தூக்கி மாட்டற சீன் இருக்கே, பாத்தவங்க எல்லாரும் கொக்கி முதுகுல ஏறினத கண்ணால பாத்தேன்னு சத்தியம் பண்ணுவாங்க. திரும்பப் போட்டுப் பாருங்க. கொக்கியக் காட்டுவாங்க, அவ முகத்தக் காட்டுவாங்க, கீழ இருக்கற வாளியக் காட்டுவாங்க, அவ்வளவுதான், மிச்சத்த நம்ம மண்டை எடுத்துக்குது. பாக்காத ஒண்ண பாத்ததா இத்தனை பேர நம்ப வச்ச ஒரு படம் பத்தாவது இடத்துல இருக்குன்னா அந்த வரிசை போட்ட அளவுகோல்லயே ஏதோ கோளாறு இருக்குன்னுதான் நான் சொல்லுவேன்.

என் கட்சி என்னன்னா, எழுபதுகள் திகில் படத்துக்குச் செஞ்ச பெரிய காரியம் அத இருட்டுலேர்ந்து வெயிலுக்குக் கொண்டு வந்தது. அதுக்கு முன்னாடி இந்த மாதிரி படம்னாலே பெரும்பாலும் பழைய கோட்டை, மெழுகுவத்தி, பனிமூட்டம், கறுப்பு அங்கி போட்ட ஒருத்தர். ராத்திரி பயம், விடிஞ்சா சரியாயிடும். எழுபதுகள்லதான் விடிஞ்சும் சரியாகல. நாம பேய்ப்படம் பேய்ப்படம்னு சொல்லியே பழகிட்டதால பேய் இருக்கற படத்துக்குத்தான் முதல் மரியாதைன்னு ஆயிடுச்சு, உங்க கட்டுரையிலயும் பிசாசு பிடிச்ச ஒரு பொண்ணோட கதையான 'தி எக்ஸார்சிஸ்ட்' முதல் இடம், சுறா படமான 'ஜாஸ்' லிஸ்ட்லயே இல்ல, கேட்டா அது சாகசப் படமாம்.

எக்ஸார்சிஸ்ட் சாதாரணப் படம்னு நான் சொல்லவே மாட்டேன். 1973 டிசம்பர்ல வந்துச்சு, 10 ஆஸ்கர் நாமினேஷன், சிறந்த படத்துக்கான நாமினேஷன் வாங்கின முதல் திகில் படம் அதுதான், ரெண்டு விருதும் வாங்குச்சு. அந்த பிசாசுக் குரலுக்கு மெர்சிடிஸ் மெக்கேம்பிரிட்ஜ்னு ஒரு நடிகை தொண்டையக் கிழிச்சிட்டு உழைச்சிருக்காங்க, அத கேட்டா இன்னைக்கும் கை முடி நிக்குது. ஆனா அந்தப் படத்துல உங்கள நிஜமா நெளிய வச்ச சீன் எதுன்னு மனச தொட்டு சொல்லுங்க. தலை திரும்பற சீனா? எனக்கு அந்த ஆஸ்பத்திரி சீன். பளீர்னு வெள்ளை வெளிச்சம், அந்தக் குழந்தை கழுத்துல ஊசிய இறக்கறாங்க, ரத்தம் பீச்சுது, மெஷின் டமடமன்னு அடிச்சிட்டே இருக்கு, டாக்டருங்க எல்லாரும் நல்லவங்க, யாருக்கும் ஒண்ணும் தெரியல. பிசாசே இல்லாத அந்த ரெண்டு மூணு நிமிஷம்தான் என்னைப் பொறுத்தவரை படத்தோட உச்சம். அதுக்கப்புறம் இருட்டு ரூம், பாதிரியார், மந்திரம், கடைசியில ஒரு நல்லவர் தன் உயிரக் குடுத்து எல்லாத்தையும் நேராக்கிடறார். பொண்ணுக்கு எதுவும் ஞாபகம் இல்ல. மனசு சமாதானமாகி வெளிய வரலாம். அபாரமான படம், ஆனா பழைய வழியில போற படம்.

இதுல ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். எக்ஸார்சிஸ்ட்ல அந்த பெட்ரூம் செட்ட ஏசி போட்டுப் போட்டு உறைய வச்சாங்க, நடிக்கறவங்க வாயிலேர்ந்து புகை மாதிரி மூச்சு தெரியணும்னு. அதே 1973ல வந்த 'தி விக்கர் மேன்', காணாமப் போன பொண்ணத் தேடி ஒரு தீவுக்குப் போற போலீஸ்காரர் கதை, அந்தப் படத்துக்கு நேர் எதிர் வேலை. கதை மே மாசத்து வெயில்ல நடக்குது, ஆனா ஸ்காட்லாந்துல குளிர்காலம் நெருங்கற நேரத்துல எடுத்தாங்க, மூச்சு புகை தெரியக்கூடாதுன்னு நடிகர்கள் வாயில ஐஸ் கட்டி வச்சிட்டு நடிச்சாங்க, மரத்துல பூவெல்லாம் ஒட்ட வச்சாங்க. ஒரு படம் குளிர வரவழைச்சு பயமுறுத்துது, இன்னொரு படம் குளிர மறைச்சு சந்தோஷமா பாட்டு பாடற கூட்டத்தக் காட்டி அதவிட அதிகமா பயமுறுத்துது, அந்தக் கடைசி காட்சியில பின்னாடி தெரியற சூரியன் அஸ்தமிக்கறத பாத்தவங்களுக்கு நான் என்ன சொல்றேன்னு தெரியும்.

ஜாஸுக்கு வர்றேன். மெக்கானிக்கல் சுறா உப்புத் தண்ணியில வேலை செய்யாம மக்கர் பண்ணினதால ஸ்பீல்பெர்க் சுறாவ மறைச்சே எடுக்க வேண்டியதாச்சு, இது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. எனக்கு அதவிட முக்கியம் அந்தப் பையன் சாகற பீச் சீன். நல்ல வெயில், கூட்டம், ரேடியோ, குழந்தைங்க கத்தறாங்க, போலீஸ் அதிகாரி கரையில உக்காந்து ஒவ்வொரு அலறலுக்கும் திடுக்கிடறார், நாமளும் அவரோட சேர்ந்து திடுக்கிடறோம், குறுக்க குறுக்க ஆளுங்க நடந்து போறாங்க, நிஜமா நடக்கும்போது தூரத்துல ஒரு மஞ்சள் மிதவையும் செவப்பா தண்ணியும். தண்ணியில சுறா இருக்குன்னு சந்தேகம் வந்தப்புறமும் டூரிஸ்ட் சீசன் போயிடும்னு பீச்ச மூடாத மேயர்தான் அந்தப் படத்துல என்னை ரொம்ப பயமுறுத்தற ஆளு. இது திகில் இல்லன்னா எது திகில்?

இப்ப செயின் சா. மொத்த பட்ஜெட்டே சுமார் 1,40,000 டாலர். 16 எம்எம் கேமரா, டெக்சாஸ் கோடை வெயில், செட்ல நிஜ எலும்பு, நிஜ இறைச்சி. ராத்திரி சாப்பாட்டு மேஜை சீன பகல்ல ஜன்னலையெல்லாம் கறுப்புத் துணியால அடைச்சுட்டு எடுத்தாங்க, தாத்தா வேஷம் போட்ட பையன் அந்த மேக்கப்ப இன்னொரு தடவை போட்டுக்க முடியாதுன்னு சொல்லிட்டதால ஒரே மூச்சுல ஒரு நாளுக்கும் மேல தொடர்ந்து ஷூட்டிங், காத்து இல்ல, இறைச்சி நாறுது, ஆளுங்க வெளிய ஓடிப் போய் வாந்தி எடுத்துட்டு வந்து திரும்ப நடிச்சிருக்காங்க. அந்தக் களைப்பு, அந்தப் புழுக்கம் அப்படியே படத்துல ஒட்டியிருக்கு. காசு கொட்டினா அது வராது.

அந்த இரும்புக் கதவு சீன மட்டும் எடுத்துக்கோங்க. பட்டப்பகல். ஒருத்தன் பெட்ரோல் கிடைக்குமான்னு கேக்க ஒரு வீட்டுக்குள்ள போறான். உள்ள செவப்புச் சுவர். முகமூடி போட்ட ஒருத்தன் வாசல்ல வந்து நிக்கறான், சுத்தியலால ஒரு அடி, இழுத்துப் போட்டு கதவ படார்னு சாத்தறான். சில செகண்டுதான். மியூசிக் வந்து உஷார்படுத்தல, தூண்ல ஒளிஞ்சு நிக்கற நிழல் இல்ல. மாட்ட அடிக்கற மாதிரி அடிச்சிட்டான். கொஞ்சம் முன்னாடி வேன்ல ஏறின ஒருத்தன் கசாப்புத் தொழிற்சாலையில புது மெஷின் வந்துச்சு, ஆளுங்களுக்கு வேலை போச்சு, பழைய சுத்தியல்தான் நல்லா சாகடிக்கும்னு பேசிட்டு வருவான், நாம அத பைத்தியம் பேசறான்னு விட்டுடுவோம். பங்க்ல பெட்ரோல் தீர்ந்து போச்சுன்னு ஒரு சின்ன விஷயம் வரும். படம் 1974 அக்டோபர்ல ரிலீஸ் ஆச்சு, அதுக்கு முந்தின குளிர்காலம் முழுக்க அமெரிக்காவே பெட்ரோலுக்கு வரிசையில நின்னுச்சு. வேலை போன கசாப்புக் குடும்பம், காலியான பங்க், உதவி கேட்டுப் போன பசங்க, இதுக்குள்ள பிசாசுக்கு இடமே வேண்டியிருக்கல. பிரிட்டன்ல இந்தப் படத்த வெட்டாம பொதுவா வெளியிட 1999 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்துச்சு, அவ்வளவு ரத்தம் கம்மியான படத்துக்கு! வெட்டித் தள்ள குறிப்பா ஒரு இடம் கிடைக்கல, மொத்தப் படமும் அப்படித்தான்.

என் அக்காவுக்கும் எனக்கும் இந்த விஷயத்துல பல வருஷமா சண்டை. அவளுக்கு 'டோன்ட் லுக் நவ்'தான். நிக்கோலஸ் ரோக் எடுத்தது, அதுவும் 1973, அந்த ஒரு வருஷம் என்ன வருஷமோ தெரியல. குழந்தைய தண்ணியில பறிகொடுத்த அப்பா அம்மா வெனிஸ் போறாங்க, சந்து சந்தா தண்ணி, எங்க பாத்தாலும் அந்தக் குழந்தையோட செவப்பு கோட்டு கண்ணுல படுது. அக்கா சொல்வா, உன் படம் ஓடற கால் பயம், என் படம் பெத்த வயிறு பயம், எது ஆழம்னு நீயே சொல்லுன்னு. அதுக்கு என்கிட்ட முழுசா பதில் இல்ல. டொனால்ட் சதர்லேண்ட் தண்ணியிலேர்ந்து குழந்தைய தூக்கிட்டு வாய் திறந்து கத்தறாரே, அத ரெண்டாவது தடவை பாக்க என்னால முடியல. அதுவும் பகல்ல, தோட்டத்துலதான் நடக்குதுன்னு சொல்லி அவ படத்தையும் என் கட்சிக்கு இழுத்துப்பேன், ஒத்துக்க மாட்டா. ஆனா அது உங்க லிஸ்ட்ல இல்லாதது எங்க ரெண்டு பேருக்குமே வருத்தம்.

'ஷைனிங்' காலி பண்ற இடத்துக்கு 'பிளாக் கிறிஸ்துமஸ்' வரணும். 'ஹாலோவீன்' மூணாவது இடத்துல இருக்கு, கொலைகாரன் கண்ணால பாக்கற கேமரா அதுலதான் பொறந்த மாதிரி எழுதியிருக்கீங்க. நாலு வருஷம் முன்னாடி, 1974லயே, கனடாவுல பாப் கிளார்க் அத செஞ்சிட்டார், கடைசி வரைக்கும் அவன் யாருன்னே சொல்லாம. ஹாலோவீன்லயும் பகல் சீன்தான் உசத்தி, துணி காயப் போட்ட கொடிக்கு நடுவுல அந்தப் படத்து கொலைகாரன் சும்மா நிக்கறது, வேலிக்குப் பக்கத்துல நிக்கறது. ராத்திரி ஆனதும் அது கொஞ்சம் வழக்கமான படமாயிடுது. 'ஏலியன்' முழுக்க இருட்டுதான், ஆனா எல்லாரும் ஞாபகம் வச்சிருக்கற, ஒருத்தன் நெஞ்சக் கிழிச்சிட்டு அந்த ஜந்து வெளிய வர்ற சீன் எங்க நடக்குது? வெள்ளை வெளிச்சத்துல, சாப்பாட்டு மேஜையில. செத்தவங்க எழுந்து நடமாடற 'டான் ஆஃப் த டெட்' டியூப்லைட் எரியற ஷாப்பிங் மால்ல. அதுக்கு மேக்கப் போட்ட டாம் சவினி வியட்நாம் போர்ல போட்டோகிராபரா இருந்தவர், பிணத்த நேர்லயே பாத்தவர். 'சஸ்பீரியா' மட்டும் என் வாதத்துக்குள்ள அடங்காது, அது ராத்திரியும் கலர் லைட்டும் கோப்ளின்ங்கிற இசைக்குழுவோட மியூசிக்கும் சேர்ந்த படம், அத ஒத்துக்கறேன், அதுக்கு ஒரு இடம் எப்பவும் உண்டு.

என் வரிசை கேட்டா செயின் சா, டோன்ட் லுக் நவ், ஜாஸ், எக்ஸார்சிஸ்ட், விக்கர் மேன், அப்புறம் மத்ததெல்லாம் எப்படி வேணா மாத்திக்கலாம். செயின் சா கடைசி ஷாட்ல விடிஞ்சு போச்சு, அந்தப் பொண்ணு ஒரு வண்டி பின்னாடி ஏறி ரத்தத்தோட சிரிக்கறாளா அழறாளான்னு தெரியாம தப்பிச்சுப் போறா, அந்த முகமூடிக்காரன் ரோட்டுல மெஷின தூக்கி சூரியனுக்கு எதிர்ல சுத்தி சுத்தி ஆடறான், யாரும் அவன பிடிக்கல, அப்படியே கட். அந்த வெயில நான் வேற எந்தப் படத்துலயும் பாத்ததில்ல.

வர்ற இணைப்புல 'ஷைனிங்' வந்த வருஷத்தையும் "உண்மைச் சம்பவம்"ங்கிற வார்த்தையையும் திருத்திப் போடுங்க. அக்காவும் தனியா ஒரு லெட்டர் எழுதிட்டிருக்கா, வந்தா அதையும் முழுசா போடுங்க.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகன்