கறுப்பு மட்டும் மங்கினால்...

ஆசிரியருக்கு,

கலர் ஜெராக்ஸ் மெஷினில் பட்டா, சிட்டா நகல் சாம்பல் பூத்தாற்போல் வந்தால், அலுவலகங்களில் முதலில் மாற்றுவது டோனரை, அதாவது மைப்பொடியைத்தான். பல நேரம் அது வீண்செலவு.

மெஷினிலிருந்தே ஒரு டெஸ்ட் பேஜ் எடுங்கள். அது பளிச்சென்று இருந்து நகல் மட்டும் மங்கினால், குறை ஸ்கேனர் பக்கம்: கண்ணாடியைத் துடைத்து, டென்சிட்டி, அதாவது நகலின் அடர்த்தி அளவு, சரியாக இருக்கிறதா பாருங்கள். கம்ப்யூட்டர் பிரிண்ட் மட்டும் மங்கினால், டிரைவரில் (கம்ப்யூட்டரில் உள்ள பிரிண்டர் மென்பொருள்) மைப்பொடியை மிச்சப்படுத்தும் டோனர் சேவ் போட்டிருக்கிறதா பாருங்கள். நான்கு நிறமும் சேர்ந்து வெளுத்தால், படத்தைத் தாளுக்கு மாற்றும் டிரான்ஸ்பர் ரோலர் அல்லது ஈரத்தாள்தான் காரணம். ஐப்பசி மழையில் பிரித்துப்போட்ட ரீம் அப்பளம்போல நமுத்துவிடும். புது ரீம் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கறுப்பு மட்டும் மங்குவதுதான் தலைவலி. அச்சு பாதி ஓடும்போது முன்கதவைத் திறந்து, கறுப்பு நிறத்துக்கான டிரம்மை (எழுத்து முதலில் உருவாகும் உருளை) வெளியே எடுத்துப் பாருங்கள். டிரம்மிலேயே எழுத்து வெளிறியிருந்தால், டோனரை டிரம்முக்குக் கொண்டுபோகும் டெவலப்பர் தேய்ந்திருக்கும், டோனர் போதுமான அளவு இறங்காமலிருக்கும், அல்லது லேசர் கண்ணாடியில் தூசி படிந்திருக்கும். நீளவாக்கில் வெள்ளைக்கோடு விழுந்தால் பெரும்பாலும் அந்தத் தூசிதான். காய்ந்த மென்துணி போதும். டிரம்மில் கறுப்பு அடர்த்தியாக இருந்து, அதை வாங்கித் தாளுக்குக் கொண்டுபோகும் பெல்ட்டில் மங்கினால், கறுப்புக்கான டிரான்ஸ்பர் பகுதியில் கோளாறு.

வெளியே எடுத்த டிரம்மைக் கறுப்புத் துணியால் மூடுங்கள். வேலூர் வெயில் ஜன்னல் வழியாகப் பட்டாலே அது கெட்டுவிடும். சிந்திய டோனரை வெந்நீரில் கழுவாதீர்கள், ஒட்டிக்கொள்ளும்.

– ஜெராக்ஸ் மெஷின் மெக்கானிக்குகள், வேலூர்