மெட்டுக்கு எழுதும் மருமகளுக்கு

அன்புள்ள அம்மணிக்கு,

நோம்பிக்கு வந்தபோது கொடுத்துவிட்டுப் போன உன் நோட்டை இரண்டு முறை படித்தேன். மெட்டுக்கு எழுதுவதெல்லாம் கவிதை ஆகாது என்று யாரோ சொன்னதைக் கடைசிப் பக்கத்தில் எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறாய். அந்தக் கோடு என்னைத் தூங்கவிடவில்லை.

நம் உடுமலைப் பக்கம் பூளவாடியில் 1899இல் பிறந்தவர் நாராயணகவி. பள்ளிப் படிப்பு அதிகமில்லை. முத்துசாமிக் கவிராயரிடமும் நாடக மேடையிலும் கற்றவர். மேடைப் பாட்டு காதில் விழுந்த கணமே புரிந்தாக வேண்டும். திரும்பப் படிக்க அங்கே ஏடு கிடையாது. அந்தப் பயிற்சியோடுதான் சினிமாவுக்குப் போனார், கலைவாணருக்கு எழுதினார். 1952இல் வந்த ‘பராசக்தி’யின் ‘கா கா கா’ அவருடையது. ஒருமுறை வாய்விட்டுப் பாடிப் பார். ‘கா’ நெடில், மூச்சு உள்ளவரை இழுக்கலாம். காக்கையின் குரலும் அதுதான், கூடி உண்ணும் அதன் குணம்தான் பாட்டின் பொருளும். இதைக் கவிதை இல்லை என்று சொல்ல எனக்கு நா எழாது.

இனி உன் வரிக்கு வருகிறேன். ‘கிணற்று மேட்டை விட்டு வந்தேன்’ என்பது அழகான வரி. ஆனால் நீ பாடிக் காட்டிய மெட்டு ‘வி’யில் போய் நீள்கிறது. குறிலை இழுத்தால் ‘வீட்டு’ என்றாகிவிடும். வள்ளி கும்மிக்குத் தட்டுவதுபோல் கை தட்டிப் பாடிப் பார்த்தேன். “எந்த வீட்டுக்கு?” என்று அடுப்படியிலிருந்து உன் அத்தை கேட்டாள்! ‘மேட்டைத் தாண்டி வந்தேன்’ என்று மாற்றிப் பார். நெடில் இழுப்பைத் தாங்கிக்கொள்ளும்.

படிப்பை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போக நினைக்காதே. சினிமாவுக்குப் பாட்டெழுதிய கோவைக்காரர் புலமைப்பித்தன் தமிழாசிரியராக இருந்தவர். பாடலாசிரியர் தாமரை பொறியியல் படித்தவர்.

இன்னொன்று, ஒப்பந்தம் என்று எவர் நீட்டினாலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதே. 2012இல் திருத்திய காப்புரிமைச் சட்டப்படி, தியேட்டருக்கு வெளியே பாட்டு ஒலிக்கும்போது வரும் ராயல்டியில் எழுதியவருக்கும் பங்கு உண்டு. அதைத் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுத்துவிடவும் முடியாது.

மூன்றாம் பாட்டின் சரணத்தில் ஒரு சொல் எனக்குப் புரியவில்லை, பென்சிலால் வட்டமிட்டிருக்கிறேன். சனிக்கிழமை வந்து நோட்டை வாங்கிக்கொள். புது வரியைப் பாடிக்கொண்டே வா.

உன் மாமன்