ஸ்டிக்கருக்கு அடியில் இன்னொரு தேதி: கோட்டிங் விற்ற நிறுவனத்துக்கு ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
கார், படகு டீடெய்லிங் (கழுவி, பாலிஷ் போட்டு, கோட்டிங் போடும்) கடை உரிமையாளர்,
அரியாங்குப்பம், புதுச்சேரி.

பெறுநர்:
பொது மேலாளர் அவர்கள்,
டீடெய்லிங் பொருட்கள் இறக்குமதி, விநியோக நிறுவனம்,
சென்னை.

நாள்: 12.05.2025

பொருள்: தேதி மாற்றி ஒட்டப்பட்ட செராமிக் கோட்டிங் (பெயின்டின் மேல் பூசுகிற பாதுகாப்புப் பூச்சு) பாட்டில்கள், அதனால் ஒரு காரிலும் ஒரு படகிலும் பாழான வேலை குறித்து.

ஐயா,

வணக்கம். ஆறு வருடமாக உங்களிடம் சரக்கு எடுக்கிறேன். ஷாம்பு, கிளே பார், காம்பவுண்ட், பேட், மைக்ரோஃபைபர் துணி என்று மாதம் ஒரு பார்சலாவது உங்கள் குடோனிலிருந்து என் கடைக்கு வரும். ஒரு பில்லுக்கும் பாக்கி வைத்ததில்லை. இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. போன திங்கட்கிழமை உங்கள் டெக்னிக்கல் ஆள் என் கடைக்கு வந்தார். நேற்றுத்தான் பாலிஷ் மெஷின் பிடிக்கக் கற்றுக்கொண்ட பையனிடம் பேசுகிற மாதிரி என்னிடம் பேசினார். அதுவும் வண்டிக்காரர் பக்கத்தில் நிற்கும்போது.

"கோட்டிங் நல்ல கோட்டிங்தான் சார். போட்ட கைதான் சரியில்ல."

இந்தக் கடிதம் முதலில் அந்த ஒரு வரிக்காக. பாட்டில் விலையெல்லாம் அப்புறம்.

நடந்ததைச் சொல்கிறேன். மார்ச் 6ஆம் தேதி உங்களிடம் ஐந்து பாட்டில் வாங்கினேன். காருக்கான செராமிக் கோட்டிங் 50 மில்லி பாட்டில் இரண்டு, ஒன்று 6,800 ரூபாய். படகுக்கென்று தனியாக வந்திருக்கிறது என்று உங்கள் விற்பனைப் பிரதிநிதி சொன்ன 'மரைன்' கோட்டிங், அதே 50 மில்லி, மூன்று. ஒன்று 11,500 ரூபாய். 18 சதவீதம் ஜிஎஸ்டியோடு 56,758 ரூபாய் அன்றைக்கே அனுப்பிவிட்டேன். பில் நகல் இணைத்திருக்கிறேன்.

முதல் பாட்டில் போனது ஒரு கறுப்பு இன்னோவாவுக்கு. கறுப்பு வண்டியில் எதையும் ஒளிக்க முடியாது, இந்தத் தொழிலில் இருக்கிற உங்களுக்குத் தெரியும். மார்ச் 10ஆம் தேதி வண்டி உள்ளே வந்தது. கழுவி, இரும்புத் துகள் எடுக்கிற மருந்து அடித்து (அந்த நாற்றத்துக்கு என் கடைப் பையன்கள் இன்னும் பழகவில்லை), ஊதா நிறமாக வடிந்ததைக் கழுவி, ஒட்டியிருந்த மீதி அழுக்கு போகக் களிமண் மாதிரியான கிளே போட்டுத் தேய்த்து, ஓரங்களுக்கு டேப் ஒட்டி, பெயின்ட் கனம் அளந்தேன். பானட்டில் சராசரி 118 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). இரண்டு கட்டமாகப் பாலிஷ் போட்ட பிறகு 114. ஒவ்வொரு பேனலையும் ஆல்கஹால் கலவையால் துடைத்து எண்ணெய்ப் பசை எடுத்தேன். இதற்கே இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் கோட்டிங்.

மூடியைத் திறந்ததும் பாட்டிலின் வாய் ஓரத்தில் கல் உப்பு மாதிரி வெள்ளைப் பொருக்கு. அப்ளிகேட்டர் துணியில் சொட்டு விட்டுப் பார்த்தேன். வழக்கமாக மண்ணெண்ணெய் போல ஓடுகிற சரக்கு இது. அன்றைக்கு மார்கழி மாதத் தேங்காயெண்ணெய் போல இழுத்துக்கொண்டு வந்தது. உடனே போட்டோ எடுத்து உங்கள் பிரதிநிதிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "குலுக்கிட்டு போடுங்கண்ணே, ஒண்ணும் ஆகாது" என்று பதில் வந்தது. அந்தச் செய்தியை அழிக்கவில்லை, ஸ்கிரீன்ஷாட் இணைத்திருக்கிறேன்.

குலுக்கினேன், போட்டேன். சந்தேகம் வந்த பிறகும் போட்டது என் தப்பு. அதை மறுக்கவில்லை. வண்டிக்காரர் மறுநாள் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போக வேண்டும் என்று அவசரப்படுத்தினார், நானும் உங்கள் ஆளின் வார்த்தையை நம்பினேன்.

மூன்றாவது வாரம் அவர் வண்டியோடு திரும்பி வந்தார். மேற்கூரையில் பெட்ரோல் சிந்திய தண்ணீர் மாதிரி திட்டுத் திட்டாக வானவில் நிறம். தண்ணீர் ஊற்றினால் முத்து முத்தாக உருண்டு ஓட வேண்டியது, தட்டையாகப் பரவி அப்படியே நின்றது. எங்கள் பக்கம் போர் தண்ணீர் எவ்வளவு உப்பு என்று சொல்லத் தேவையில்லை. அவர் வீட்டு டிரைவர் அந்தத் தண்ணீரில் கழுவி வெயிலிலேயே காயவிட்டிருக்கிறார். வட்ட வட்டமாக உப்புக் கறை பெயின்டைக் கடித்துவிட்டது. கோட்டிங் போட்டால் அந்தக் கறை அவ்வளவு சுலபமாகப் பிடிக்காது, பிடித்தாலும் எடுத்துவிடலாம் என்றுதான் நான் அவரிடம் 26,000 ரூபாய் வாங்கியிருந்தேன்.

படகுக் கதை இதைவிட மோசம். சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஆற்றிலும் கடலிலும் ஓடுகிற 22 அடி ஃபைபர் படகு. பல வருட வெயிலில் அதன் மேல்பூச்சான ஜெல்கோட் வெளிறிப்போய், கையை வைத்துத் தேய்த்தால் விபூதி மாதிரி ஒட்டியது. காரின் நிறத்துக்கு மேல் இருக்கிற நிறமில்லாத பூச்சான கிளியர் கோட் 40, 50 மைக்ரான்தான். ஜெல்கோட் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் இருக்கும். அதனால் படகில் தைரியமாக எமரித் தாளைத் தொடலாம். ஆனால் வேலை முதுகை உடைத்துவிடும். மார்ச் 24 முதல் ஐந்து நாள், நானும் இரண்டு பையன்களும் மணலில் ஷாமியானா கட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். 800, 1000, 1500 என்று தண்ணீர்த் தாள் போட்டு, அப்புறம் ரோட்டரி மெஷினில் கம்பளிப் பேடு மாட்டித் தேய்த்தோம். நான்காம் நாள் சாயங்காலம் படகின் பக்கவாட்டில் எதிரே இருந்த தென்னை மரம் தெரிந்தது. சின்னப் பையன் அதைப் போனில் படம் பிடித்தான். படகுக்காரர் அதில் தன் முகத்தைப் பார்த்து மீசையை ஒதுக்கிக்கொண்டார்.

ஐந்தாம் நாள் உங்கள் மரைன் கோட்டிங்கில் இரண்டு பாட்டில், நீர்மட்டத்துக்கு மேலே மட்டும் போட்டோம். அதிலும் அதே இழுவை, வாய் ஓரத்தில் அதே பொருக்கு. ஒரே மாதத்தில் தென்னை மரம் காணாமல் போய்விட்டது. பக்கவாட்டு முழுக்க மங்கல். பின்னால் அவுட்போர்டு இன்ஜின் புகைக்கரி படிந்தால் ஒரு துடைப்பில் போகும் என்று உங்கள் நோட்டீஸ் சொல்கிறது. சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. திரும்பச் செய்து தருகிறேன் என்று உடனே சொல்லவும் வழியில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். எல்லா விசைப்படகும் கரையில் பழுதுபார்ப்புக்கு ஏறியிருக்கிறது. கிரேனும் கிடைக்காது, ஆளும் கிடைக்காது. படகுக்காரருக்கோ கோடை விடுமுறைதான் வருமானம், அதில் படகை நிறுத்த மாட்டார். அவரிடம் வாங்கிய 45,000 ரூபாயில் 20,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மழைக்கு முன் செய்து தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 8ஆம் தேதி முதல் உங்களுக்குப் போன் செய்தேன். நான்காவது போனுக்குப் பிறகு, மே 5ஆம் தேதி டெக்னிக்கல் ஆள் வந்தார். வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். "கடலோரம்ல, ஈரப்பதம் அதிகம். அதுல போட்டா இப்படித்தான் ஆகும்" என்றார். நான் என் நோட்டை எடுத்துக் காட்டினேன். கோட்டிங் போடுகிற ஒவ்வொரு நாளும் வெப்பமும் ஈரப்பதமும் எழுதி வைப்பவன் நான். அன்றைக்கு ஏசி அறையில் 26 டிகிரி, ஈரப்பதம் 62 சதவீதம். 70 வரை போடலாம் என்று உங்கள் துண்டுச் சீட்டே சொல்கிறது. நோட்டை அவர் வாங்கிப் பார்க்கவில்லை. அப்போதுதான் வண்டிக்காரர் பக்கம் திரும்பி, மேலே நான் எழுதிய அந்த வரியைச் சொன்னார்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. காலி பாட்டிலைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தேன். ஸ்டிக்கரின் ஒரு மூலை லேசாகத் தூக்கியிருந்தது. வெந்நீரில் பத்து நிமிடம் ஊறப் போட்டேன். மேல் ஸ்டிக்கர் தோல் உரிகிற மாதிரி முழுசாக வந்துவிட்டது. மேலே இருந்தது: தயாரிப்பு 11/2024. அடியில் இருந்தது: 03/2022. தயாரித்த தேதியிலிருந்து 24 மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது உங்கள் சீட்டில் நீங்களே எழுதியது. அதாவது எனக்கு விற்றபோது அந்தப் பாட்டில் செத்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

படகுப் பாட்டிலையும் ஊறப் போட்டேன். நீல ஸ்டிக்கர், நங்கூரப் படம். அது உரிந்ததும் அடியில் கறுப்பு ஸ்டிக்கர், உங்கள் கார் கோட்டிங்குடையது. பாட்டிலின் அடிப்பாகத்தில் பொறித்திருக்கிற லாட் எண் (ஒரே தடவையில் தயாரித்த சரக்குக்குப் போடுகிற எண்) இரண்டிலும் ஒன்றேதான். ஒரு நங்கூரப் படத்துக்கு 4,700 ரூபாய் வாங்கியிருக்கிறீர்கள்.

இந்தச் சரக்கு காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துத்தான் இறுகும். சீல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வருடக்கணக்கில் குடோன் வெக்கையில் கிடந்தால் பாட்டிலுக்குள்ளேயே இறுக ஆரம்பித்துவிடும். அந்த வெள்ளைப் பொருக்கு அதுதான். பாதி இறுகிப்போனது பெயின்டில் எப்படிப் பிடிக்கும்? உங்கள் டெக்னிக்கல் ஆளுக்கு இது தெரியாமல் இருக்காது.

உங்கள் நோட்டீஸில் '9எச்' என்று போட்டுப் பக்கத்தில் வைரப் படம் போடுகிறீர்கள். 9எச் என்பது பென்சில் கடினத்தைச் சொல்கிற அளவு, வைரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, கல் பட்டால் கீறல் விழத்தான் செய்யும் என்று நான் ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் உட்கார வைத்துச் சொல்கிறேன். அதற்கு உங்களோடு சண்டை போட்டதில்லை. விளம்பரம் என்றால் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும். ஆனால் தேதி விளம்பரம் இல்லை. பொட்டலத்தின் மேல் மாதமும் ஆண்டும் இருக்க வேண்டும் என்று சட்டமுறை எடையளவு விதிகள் சொல்வது, வாங்குகிறவன் பார்ப்பதற்குத்தான். அதன் மேல் இன்னொன்றை ஒட்டி மூடுவதற்கு இல்லை.

இன்னோவாவைப் போன வாரம் திரும்ப வேலைக்கு எடுத்தேன். கெட்டுப்போன கோட்டிங்கையும் உப்புக் கறையையும் எடுக்க மறுபடியும் காம்பவுண்ட் போட்டுப் பெயின்டைத் தேய்க்க வேண்டியிருந்தது. பானட்டில் இப்போது 110. அதாவது மொத்தம் எட்டு மைக்ரான் போயிருக்கிறது. அதில் பின்னால் போன நாலு, போயிருக்க வேண்டியதே இல்லை. கேட்கச் சின்னதாக இருக்கும். தலைமுடி கூட ஏறக்குறைய 70 மைக்ரான் இருக்கும். ஆனால் 50 மைக்ரான் கிளியர் கோட்டில் நாலு என்பது அந்த வண்டியின் ஆயுளில் ஒரு பாலிஷ். நீங்கள் பணத்தைத் திருப்பித் தரலாம். அந்த நாலு மைக்ரானை யார் தருவது?

சரி, நான் கேட்பது இது. ஐந்து பாட்டிலின் விலை 56,758 ரூபாய் திரும்ப வேண்டும். படகுக்காரருக்கு நான் கொடுத்த 20,000 வேண்டும். இன்னோவாவில் மறுவேலைக்குப் போன மூன்று நாள் கூலியும் பொருளும் 11,400 ரூபாய், கணக்கு இணைத்திருக்கிறேன். பிரிக்காத இரண்டு பாட்டில், காருக்கு ஒன்றும் படகுக்கு ஒன்றும், சீலோடு என்னிடம் இருக்கின்றன. அவற்றைத் திருப்பி அனுப்ப மாட்டேன். உங்கள் ஆள் வந்தால் அவர் முன்னால் ஸ்டிக்கரை உரிக்கலாம். இதே லாட் எண்ணில் யார் யாருக்கு விற்றீர்களோ அவர்களுக்கெல்லாம் தகவல் சொல்லுங்கள். என்னைப் போல எத்தனை பேர் தங்கள் கையைச் சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களோ.

உங்கள் கணக்குப் பிரிவில் ஒருவர், "நீங்க பிசினஸ்காரர், நுகர்வோர் கோர்ட்ல உங்க கேஸ எடுக்க மாட்டாங்க" என்று போனில் சொன்னார். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(7) பிரிவை விளக்கத்தோடு சேர்த்து அவரைப் படிக்கச் சொல்லுங்கள். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் ஒருவன் வாங்கிப் பயன்படுத்துகிற பொருள் வணிக நோக்கத்தில் சேராது. உதவிக்கு இரண்டு பையன்கள் இருந்தாலும் என் கடையில் மெஷின் பிடிப்பது நான்தான். மாவட்ட ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் கிடையாது. இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பதில் வராவிட்டால் அங்கே போவேன். போக விருப்பமில்லை. ஒரு நாள் கடையை மூடினால் எனக்கு எவ்வளவு நஷ்டம் என்று உங்களுக்கே தெரியும்.

கடைசியாக ஒன்று. இதற்குப் பணம் எதுவும் வேண்டாம். உங்கள் டெக்னிக்கல் ஆள் திரும்ப ஒரு தடவை புதுச்சேரி வர வேண்டும். அதே வண்டிக்காரரிடம், அதே மாதிரி என் முன்னால், பாட்டில்தான் கெட்டது, போட்ட கை இல்லை என்று சொல்ல வேண்டும். வண்டிக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் இருப்பார். காலை பத்து மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஆறு வருட வாடிக்கையாளர்,
அரியாங்குப்பம்.