கணக்கப்பிள்ளைக்கு ஒரு ‘வாங்க’

பாளையங்கோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

நீர் எழுதி அனுப்பின நாடகம் வந்து சேர்ந்தது. இங்கே எல்லோரும் சுகம். மைனியை மாத்திரையை விடாமல் சாப்பிடச் சொல்லும். டெய்லர் அண்ணாச்சி உம்மைக் கேட்டார். என்ன கேட்டிருப்பார் என்று உமக்கே தெரியும்.

இனி விஷயத்துக்கு வாரேன். இரண்டாம் காட்சியைத் திருத்தாமல் மேடையேற்றாதேயும் வே. உம்ம பண்ணையார் வந்த நிமிஷத்திலிருந்து கத்துகிறார். ‘இந்த ஊரே என் காலடியில் கிடக்கிறது’ என்கிறார். அதிகாரம் உள்ளவன் எதற்கு அதைச் சொல்லிக்காட்ட வேண்டும்? அவன் கேட்பான், மற்றவன் விளக்கம் சொல்லுவான். பயந்தவன் பேச்சுதான் நீளும். இப்படி எழுதிப் பாரும்:

“ரசீது எங்க?”

“தேடுதேன் அண்ணாச்சி. நேத்துகூட இந்தப் பெட்டியிலதான் இருந்துச்சு. பேரன் வந்து கொடஞ்சிருப்பான். விடிஞ்சதும் கொண்டாந்து தாரேன்.”

“கொல்லக் கதவு பூட்டியாச்சா?”

மூன்றாவது வரி பதிலே இல்லை. கணக்கப்பிள்ளைக்கு அங்கேயே வயிறு கலங்கிவிடும். அதேபோல ‘மௌனம்’ என்று அடைப்புக்குறிக்குள் அங்கங்கே போட்டிருக்கிறீர். நடிகன் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்பான். பண்ணையார் வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவட்டும், தடவி முடிகிறவரை யாரும் வாய் திறக்கக் கூடாது என்று எழுதும்.

நம்மகிட்ட இருக்கிற பெரிய ஆயுதத்தை நீர் தொடவே இல்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை. ஆளை விளிக்கிற மரியாதைப் படிகள்: நீ, நீரு, நீங்க. முதல் இரண்டு காட்சியிலும் கணக்கப்பிள்ளையிடம் ‘வாரும்’, ‘இரியும்’ என்றே பண்ணையார் பேசட்டும். கணக்கப்பிள்ளையின் திருட்டு வெளிப்பட்டதும் சபை ‘ஏலே’யை எதிர்பார்க்கும். அந்த இடத்தில், ‘வாங்க, உக்காருங்க’. அவ்வளவுதான். உறவை அறுத்து அவரை அந்நியனாக்கிவிட்டார் என்று நம்ம ஊர்க்காரனுக்கு யாரும் விளக்க வேண்டாம். ஷேக்ஸ்பியர் காலத்து இங்கிலீஷிலும் இதுமாதிரி இரண்டு படி இருந்தது. லியர் அரசன் நாடகத்தின் முதல் காட்சியில், மகளை ஒதுக்குகிற அரசனைத் தடுக்க வரும் கெண்ட் பிரபு மரியாதையாகத்தான் ஆரம்பிப்பான். அரசன் கேட்கவில்லை என்றதும் ‘கிழவா’ என்று நீ போட்டுக் கேட்டுவிடுவான். அந்தக் காட்சியிலேயே அவனை நாடு கடத்திவிடுகிறார்கள். இந்த மாற்றம் உறைக்க வேண்டுமென்றால் அதுவரை ஒரு இடத்திலும் பிசகக் கூடாது. உம்ம கைப்பிரதியில் பண்ணையார் ஒரே பக்கத்தில் ஒரே ஆளை நீ என்றும் நீர் என்றும் பேசுகிறார். சிவப்பு மையில் கோடு போட்டிருக்கேன்.

வட்டார வழக்கு விஷயம். எல்லாச் சொல்லையும் உச்சரிப்புப்படி உடைத்து எழுதினால் வெளியூர் நடிகர் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார், வேகம் செத்துப்போகும். ‘சொல்லுதேன்’, ‘அவிய’, ‘வாரும்’, இதுமாதிரி நாலைந்து அடையாளத்தை மாறாமல் பிடித்துக்கொண்டால் போதும். மருமகள் மாமனாரை ‘என்னவே’ என்கிற வரியை அடித்துவிடும், அவள் வாயில் அது வராது. வாத்தியார் ஏட்டுத் தமிழிலேயே பேசட்டும். கோபம் வரும்போது மட்டும் அவர் வாயில் நெல்லைப் பேச்சு வந்து விழட்டும்.

‘உங்க தம்பி, பத்து வருஷத்துக்கு முன்னால பம்பாய்க்குப் போனவரு’ என்று பெண்டாட்டி புருஷனிடம் சொல்லுகிறாளே, தன் தம்பி எங்கே போனான் என்று அவனுக்குத் தெரியாதா? இதைச் சண்டையில் போடும்: ‘பத்து வருஷமா ஒரு கடுதாசி உண்டா உம்ம தம்பிகிட்டயிருந்து?’ சேதியும் வந்துவிட்டது, குத்தலும் வந்துவிட்டது. ‘உண்டா’ முன்னால் வந்து ‘தம்பி’ பின்னால் போனதைக் கவனியும். கோபத்தில் வாய் அப்படித்தான் போகும். நீர் எல்லா வரியையும் வினையில் கொண்டுபோய் முடித்திருக்கிறீர். அதனால்தான் பேச்சு கட்டுரையாகக் கேட்கிறது.

சிரிப்பு வருகிற வரிக்கு அடுத்த வரியில் முக்கியமான சேதி எதையும் வைக்காதேயும், சிரிப்புச் சத்தத்தில் முழுகிவிடும். சாவி தொலைந்த சேதி இப்போது அங்கேதான் இருக்கிறது.

மூன்றாம் காட்சியில் மாமியார் ‘சோறு ஆறுது’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறாளே, அதில் ஒரு எழுத்தையும் தொடாதேயும். மற்றதைத் திருத்தி வெரசா அனுப்பும். ஒத்திகைக்கு முன்னால் நாம ரெண்டு பேரும் உட்கார்ந்து வாய்விட்டு வாசித்துவிடலாம். பண்ணையாரை நான் வாசிக்கேன், கணக்கப்பிள்ளை நீரு.

அன்புடன்,
உம்ம கூட்டாளி