47.50 அடி என்பது ஆழம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நேற்று முழுக்க நான் வீட்டைவிட்டு இறங்கவில்லை. லால்பேட்டையிலிருந்து சேத்தியாத்தோப்பு போகும் சாலை வீராணம் ஏரியின் கிழக்குக் கரை மேலேயே போகிறது. அந்தக் கரைக்குக் கீழே, ஏரியைப் பார்த்த மாதிரி எங்கள் வீடு. ஆடிக்காற்று மேற்கேயிருந்து நாலைந்து கிலோமீட்டர் தண்ணீரைத் தாண்டி வந்து நேராக எங்கள் வாசலில்தான் அறையும். காலையில் கொடியில் போட்ட வேட்டி பக்கத்து வீட்டு முருங்கையில் கிடந்தது. பத்து மணிக்குக் கரண்ட் போய்விட்டது. மனைவி அடுப்பங்கரை ஜன்னலைச் சாத்திவிட்டு, வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும் போதும் என்று சமையலை முடித்துவிட்டார். யாரும் வரவில்லை, போனும் அடிக்கவில்லை. வலைக்காரர்கள்கூடப் படகை இறக்கவில்லை. கரைக்கல்லில் அலை மோதும் சத்தம், தென்னை மட்டை உரசும் சத்தம், அவ்வளவுதான். ஓய்வு பெற்று ஆறு வருஷத்தில் இவ்வளவு நிம்மதியான நாள் எனக்கு அதிகம் வாய்த்ததில்லை.

திண்ணையில் உட்கார்ந்து, தாள் பறக்காமல் முழங்காலால் அழுத்திக்கொண்டு உங்கள் பத்திரிகையை ஒரு வரி விடாமல் படித்தேன். வீராணம் நீர்மட்டம் என்று நீங்கள் போடும் அந்த ஒரு வரியைப் படித்ததும்தான் இந்தக் கடிதம் எழுதத் தோன்றியது.

நான் பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்தவன். மதகு திறப்பது, அடைப்பது, கரையைச் சுற்றிப் பார்ப்பது, காலையில் கேஜ், அதாவது நீர்மட்டம் காட்டும் அளவுகோலைப் பார்த்து அளவு சொல்வது எல்லாம் என் வேலை. காற்றில்லாத மாசி மாதத்தில் கேஜ் பார்ப்பது பெரிய காரியமில்லை, தண்ணீர் தொடும் கோட்டைப் படித்துச் சொல்லிவிடலாம். ஆடியில் அப்படி முடியாது. அலை ஏறும்போது ஒரு எண் தெரியும், இறங்கும்போது வேறொன்று தெரியும். படியில் குந்தி உட்கார்ந்து, முகத்தில் அடிக்கும் தண்ணீரைத் துடைத்துக்கொண்டு, பத்துப் பதினைந்து அலையைப் பார்த்து நடுவிலுள்ள அளவைப் பிடிக்க வேண்டும். அதோடு, காற்று தண்ணீரைக் கிழக்குக் கரைப் பக்கம் தள்ளிக்கொண்டு வந்து ஒதுக்கும். ஏரியில் ஒரு சொட்டு கூடியிருக்காது, இந்தக் கரையில் மட்டும் கொஞ்சம் ஏறித் தெரியும். அதனால் முதல் நாள் அளவையும், வடவாறு வழியாக ஏரிக்கு வரும் தண்ணீரையும் மனதில் வைத்துக்கொண்டுதான் எண்ணைச் சொல்வோம். 2004இல் சென்னைக்குத் தண்ணீர் போக ஆரம்பித்ததிலிருந்து அந்த எண்ணுக்கு மதிப்பு கூடிப்போனது. அதைத்தான் நீங்கள் அச்சடிக்கிறீர்கள்.

போன கோடையில் சென்னையில் படிக்கும் என் பேத்தி போன் செய்தாள். "ஏரி வறண்டு போச்சுன்னு சொல்றீங்க, பேப்பர்ல நாப்பது அடி தண்ணி இருக்குன்னு போட்டிருக்கே தாத்தா?" என்று கேட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. உங்கள் பத்திரிகையில் "மொத்த உயரம் 47.50 அடி, இன்றைய நீர்மட்டம் இத்தனை அடி" என்று மட்டும் இருந்தால் யாருக்குமே அப்படித்தான் தோன்றும்.

அந்த 47.50 அடி கடல் மட்டத்திலிருந்து கணக்கிடும் உயரம். ஏரித் தரையிலிருந்து அளந்தது அல்ல. 39 அடியை ஒட்டி வந்துவிட்டாலே பல இடத்தில் தரை தெரியும், ஆடு மாடு இறங்கி மேயும். முழு ஏரியில்கூட மேலே இருக்கும் அந்தச் சில அடித் தண்ணீரை நம்பித்தான் சுமார் 45 ஆயிரம் ஏக்கர் நெல்லும், 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் சென்னைக் குழாயும் இருக்கின்றன. 46 அடி 45 ஆவது சென்னை வாசகருக்கு ஒரு எண் குறைவது. எங்களுக்கு அது வாய்க்கால் கடைசியில் இருக்கிறவர் நாற்றங்காலுக்குத் தண்ணீர் எட்டுமா எட்டாதா என்கிற கேள்வி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் செங்கால் ஓடையும் கருவாட்டு ஓடையும் அரியலூர்ப் பக்கத்து மண்ணை ஏரிக்குள் கொண்டு வந்து போடுகின்றன. பராந்தக சோழன் காலத்து ஏரி இது, எத்தனை நூறு வருஷத்து வண்டல் அடியில் கிடக்கிறது! கேஜில் அதே 47.50 காட்டும், உள்ளே இருக்கும் தண்ணீர் குறைந்துகொண்டே போகும். தூர்வார வேண்டும் என்று இங்குள்ள விவசாயிகள் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார்கள்.

சரி, நான் கேட்பது சின்ன விஷயம். நீர்மட்டத்தோடு ஏரியில் இருக்கும் தண்ணீர் எத்தனை மில்லியன் கன அடி என்பதையும் தினமும் போடுங்கள். முழுக் கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி என்று பக்கத்திலேயே இருந்தால், எவ்வளவு மிச்சம் என்பது என் பேத்திக்கும் புரியும். முடிந்தால் அந்த அடிக் கணக்கு கடல் மட்டத்திலிருந்து என்று ஒரு வார்த்தை சேருங்கள். கூடுதலாக ஒரு வரி இடம்தான் பிடிக்கும்.

சாயங்காலம் காற்று கொஞ்சம் அடங்கியதும் கரையேறிப் போய்ப் பார்த்தேன். பழக்கம் விடவில்லை. இப்போது அந்த வேலையில் இருக்கும் தம்பி நனைந்த கைலியோடு படியில் குந்தி அலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லஸ்கர்,
காட்டுமன்னார்கோவில் வட்டம், கடலூர் மாவட்டம்.