நடக்கச் சொல்கிறார்கள், எங்கே நடக்க?

ஆசிரியர் அவர்களுக்கு,

செங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். அரசு பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். புளியரை தாண்டி, எஸ் வளைவு ஏறி, ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று பஸ்ஸுக்குள் முன்னும் பின்னும் நடந்தே காலம் போனது. வீட்டில் உட்கார்ந்த மூன்றாம் வருஷம் பிரஷர் 160/98. டாக்டர் மாத்திரை எழுதிவிட்டு, "உப்பைக் குறைங்க, தினமும் அரை மணி நேரம் கைவீசி நடங்க" என்றார். மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு ஆறு மாசம் ஏமாற்றினேன், 148க்குக் கீழே இறங்கவில்லை. நடக்க ஆரம்பித்து நாலு மாசம் கழித்து அதே மாத்திரையில் 140/86.

ஏன் இறங்கியது என்று டாக்டரைக் குடைந்து கேட்டேன். அழுத்தம் ஏறிக் கிடந்தால் இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது, நாளடைவில் இடது கீழறையின் சுவர் தடித்து விறைத்துப்போகிறது. கை தடித்தால் பலம், இது தடித்தால் வம்பு. வேகமாக நடக்கும்போது ஓடுகிற ரத்தம் குழாய்ச் சுவரை உரச, சுவர் நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயுவை வெளிவிட்டு இளகிக் கொடுக்கிறது. ஒருநாள் நடையிலேயே சில மணி நேரம் அழுத்தம் தணிந்து நிற்கும், மாசக்கணக்கில் நடந்தால் மேல் எண் 5 முதல் 8 வரை குறையலாம், விட்டால் சில வாரத்தில் பழைய கதைதான். 180/110க்கு மேல் இருப்பவர்கள் முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் நடக்க ஆரம்பிக்க வேண்டும். மாத்திரையை நானாக நிறுத்தவும் இல்லை.

1953-ல் ஜெரமி மோரிஸ் என்ற டாக்டர் லண்டன் மாடி பஸ்களில் ஆராய்ந்து, நாள் முழுக்கப் படியேறி இறங்கும் கண்டக்டர்களைவிட உட்கார்ந்தே ஓட்டும் டிரைவர்களுக்கு மாரடைப்பு அதிகம் என்று எழுதினார். என்னோடு ஓடிய டிரைவரிடம் இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார். டிரைவர்களின் சீருடை இடுப்பளவே பெரிசு என்று பிறகு மோரிஸ் குழுவே எழுதியது, பருமனும் ஒரு காரணமாக இருக்கலாம், அதனால் முழுப் பெருமையும் படிக்கட்டுக்கு இல்லை, சரி.

இப்போது என் புகார். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகத்தில் நடக்கச் சொல்கிறார்கள். புளியரை ரோட்டில் விடியற்காலை கேரளாவுக்கு ஜல்லியும் எம் சாண்டும் ஏற்றிய லாரிகள் வரிசையாக ஏறுகின்றன, நடைபாதை கிடையாது, ஹாரன் கேட்டதும் சேற்றுக்குள் ஒதுங்கி நின்று, தூசி அடங்கியதும் மறுபடி கிளம்பினால் அடுத்த லாரி. போன மாசம் ஒரு லாரியின் தார்ப்பாய்க் கயிறு தொங்கி வந்து என் தோளைச் சுண்டிவிட்டுப் போனது. அன்று பிரஷர் பார்த்திருந்தால் கருவியே வெடித்திருக்கும்.

எங்கள் தெருவுக்குப் பின்னாலேயே பள்ளி மைதானம் இருக்கிறது, நல்ல செம்மண் தரை, சுற்றிலும் வேம்பு. காலையில் பூட்டுதான். கேட்டதற்கு, முன்பு திறந்துவிட்டபோது யாரோ கோல் போஸ்ட்டில் மாட்டைக் கட்டிவிட்டார்களாம்.

பிள்ளைகள் வருவதற்கு முன், 5 மணியிலிருந்து ஆறரை வரை திறந்துவிட்டால் போதும். சாவியை வாங்கித் திறந்து, பூட்டித் திருப்பிக் கொடுக்க நாங்கள் பதினோரு பேர் முறை போட்டுக்கொள்ளத் தயார். மாட்டையும் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர்,
செங்கோட்டை.